கோதுமை ஆகாதவர் வீட்டில் உப்புமாவும் பாயசமும்

கோதுமையை விலக்குங்கள், பாலைக் குறையுங்கள் என்று மருத்துவர் எழுதித் தரும் தாள் ஒரு பக்கத்துக்கு மேல் வருவதில்லை. அதைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புபவருக்கு மறுநாள் காலையில் அடுப்பின் முன் எழும் கேள்விகளோ பல. பிள்ளை ரவா உப்புமா கேட்டால் என்ன செய்வது? பிறந்தநாளுக்குச் சேமியாப் பாயசம் உண்டா, இல்லையா? சாம்பாரை எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில் வைக்கலாமா? குடல்நோய்ப் பிரிவில் பணியாற்றும் எங்களிடம் இக்கேள்விகள் வாரந்தோறும் வருகின்றன. தமக்குப் பிடித்த உணவெல்லாம் போய்விட்டது என்று நோயாளி எண்ணத் தொடங்கிய வீட்டில் பத்தியம் நெடுநாள் நிலைப்பதில்லை என்பது எங்கள் அனுபவம். ஆகவே இம்முறை சமையலறையைப் பற்றியே எழுதுகிறோம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். 'எனக்கு இது ஒத்துக்கொள்ளாது' என்னும் ஒரே சொற்றொடருக்குள் மூன்று வெவ்வேறு நிலைகள் அடங்கியுள்ளன. வேர்க்கடலை, முந்திரி, இறால், முட்டை, பாலின் புரதம் போன்றவற்றால் சில நிமிடங்களிலேயே உடலில் தடிப்பும் உதட்டு வீக்கமும் மூச்சுத் திணறலும் உண்டாவது உண்மையான ஒவ்வாமை. அங்கே 'கொஞ்சமாகச் சேர்த்துப் பார்ப்போம்' என்பதற்கு இடமே இல்லை. மூச்சுத் திணறல் தோன்றினால் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும். பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்க இயலாமை வேறொன்று. அதில் வயிறு உப்பும், இரையும், பேதியாகும். ஆனால் குடலுக்குச் சேதம் இல்லை, எல்லாம் உண்ணும் அளவைப் பொறுத்தது. மூன்றாவது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தைக் கண்டு உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் மென்மையான குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. சிலருக்கு வயிற்றில் எந்தத் தொல்லையும் தெரியாது; மாத்திரை விழுங்கியும் தீராத இரத்தசோகை, வளர்ச்சி குன்றிய பிள்ளை, இளம் வயதிலேயே மெலிந்த எலும்பு என்று வேறு வாசல் வழியாக நோய் வெளிப்படும்.

இந்நோய்க்குக் காரணம் கோதுமை என்பது தெரியவந்த கதை துயரமானது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் குளிர்காலத்தில், 1944-45இல், நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காத பஞ்சம் நிலவியது. ஊரே பசித்திருந்த அந்நாட்களில் சீலியாக் நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறியதையும், ரொட்டி திரும்பி வந்ததும் அவர்கள் மீண்டும் நலிந்ததையும் வில்லெம் டிக்கே என்னும் குழந்தை மருத்துவர் கவனித்தார். போருக்கு முன்பே அவருக்கு இருந்த ஐயம் இதனால் வலுப்பெற்றது. 1950இல் அதைத் தம் ஆய்வேடாக அளித்தார். இந்தியாவில் கோதுமையே அன்றாட உணவாகிய வட மாநிலங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் உண்டு. தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவில்தான் காணப்பட்டது. அரிதாக இருப்பதாலேயே இங்கே இது காலந்தாழ்ந்து கண்டறியப்படுகிறது. வீட்டில் சமைப்பவருக்கு வழிகாட்ட அக்கம்பக்கத்தில் அனுபவப்பட்டவர் எவரும் கிடைப்பதில்லை.

ஒன்றை இங்கேயே வலியுறுத்துகிறோம். ஐயம் எழுந்தவுடன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்கு வருபவர் பலர். நிறுத்திய பின் இரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு குறைந்துவிடும்; குடலும் ஆறத் தொடங்கிவிடும்; நோய் இருந்தும் இல்லை என்றே முடிவு வரக்கூடும். இரத்தப் பரிசோதனையும், தேவையானால் எண்டோஸ்கோபி வழியாக எடுக்கும் திசுப் பரிசோதனையும் முடியும் வரை வழக்கமான உணவையே உண்ணுங்கள்.

நோய் உறுதியான பின் கணக்கு மிகக் கறாரானது. நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டன் உடலுக்குள் சென்றாலே சில மாதங்களில் குடலில் சேதம் தெரியும். ஒரு துண்டு ரொட்டியில் இருப்பது ஏறத்தாழ 2 கிராம், அதாவது அதைப்போல் நாற்பது மடங்கு. 'குளூட்டன் அற்றது' என்று அச்சிட்டு விற்கும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தல் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. ஆதலால் 'ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது' என்று பாட்டிமார் ஊட்டும் அன்பை மென்மையாகத்தான் என்றாலும் தடுத்தே ஆக வேண்டும்.

மைதா, ரவை, சேமியா, சம்பா கோதுமை, பன், பிஸ்கட்டு ஆகியன எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாமல் ஏமாற்றுவது பெருங்காயம். தூய பெருங்காயப் பிசின் மிகக் கடுமையானது. அதை அப்படியே சமையலில் இட முடியாது. எனவே மாவும் கருவேலம் பிசினை ஒத்த பிசினும் கலந்து கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை மாவு. தூளில் மட்டுமன்று, கட்டிப் பெருங்காயத்திலும் இதே கலப்பு உண்டு. சிட்டிகையளவே இடுகிறோம் என்பது உண்மைதான். ஆனால் நம் வீடுகளில் அச்சிட்டிகை சாம்பாரில், ரசத்தில், மோரில், இட்லிப் பொடியில், ஊறுகாயில் என்று ஒரே நாளில் பல முறை விழுகிறது. சப்பாத்தியை அடியோடு நிறுத்திய பிறகும் எதிர்ப்பொருளின் அளவு இறங்காமல் நிற்கும்போது, 'அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவைக் கொண்டுவாருங்கள்' என்றே நாங்கள் முதலில் சொல்கிறோம். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கடைகளில் கிடைக்கிறது. உறையின் பின்புறச் சிற்றெழுத்துகளைப் படித்து வாங்குங்கள். கிடைக்காத ஊரில் பெருங்காயத்தை விட்டுவிட்டுப் பூண்டை நசுக்கிப் போட்டுத் தாளித்தால் போதும். பூண்டு ரசத்துக்குப் பெருங்காயம் இல்லாத குறை தெரியவே தெரியாது. கடையில் வாங்கும் சாம்பார்ப் பொடி, அப்பளம், வடகம் ஆகியவற்றிலும் இதே கண்ணோட்டம் வேண்டும். மால்ட் கலந்த சத்துப்பான மாவுகளில் பார்லியும் கோதுமையும் இருப்பதால், பிள்ளை மெலிந்துவிட்டதே என்று அவற்றைக் கொடுப்பது நோயையே ஊட்டுவதாகும்.

அடுத்தது மாவு மில். கேழ்வரகிலும் அரிசியிலும் குளூட்டன் இல்லை. ஆனால் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரைத்தால் அந்த மாவில் கோதுமை வந்துவிடும். காலையில் முதல் ஆளாகப் போய் அரைத்துக்கொள்கிறோம் என்று சிலர் கூறுகின்றனர். முந்தின நாள் கோதுமை இயந்திரத்துக்குள்ளேயே ஒட்டியிருக்கும் என்பதால் அது பயன் தராது. அரிசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, வீட்டு மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள்வதே நல்லது. சில்லறையாக வாங்கும் சிறுதானியங்களில் கோதுமை மணிகள் கலந்திருப்பது உண்டு. புடைத்து, பொறுக்கி, கழுவிய பின்னரே அரைக்க வேண்டும். ரவா தோசை வார்த்த கல், சப்பாத்தி தேய்த்த பலகை, பூரி பொரித்த எண்ணெய் ஆகிய மூன்றையும் நோயாளியின் உணவுக்குப் பயன்படுத்தலாகாது. தனியாக ஒரு தோசைக்கல்லும் ஒரு சல்லடையும் வாங்கி வைப்பது பெருஞ்செலவன்று. இதைவிட எளிய வழி, வீட்டில் எல்லோரும் அரிசிக்கும் சிறுதானியத்துக்கும் மாறிவிடுவது. நம் பகுதியில் அது அவ்வளவு கடினமும் அன்று.

இனி உப்புமாவுக்கு வருவோம். ரவைக்கு மாற்றாக எதைத் தேடுவது என்று கவலைப்பட வேண்டாம். ரவை பரவலாவதற்கு முன்பிருந்தே நம்மிடம் அரிசி உப்புமா உண்டு. ஒரு டம்ளர் அரிசி, இரண்டு மேசைக்கரண்டி துவரம்பருப்பு, ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம் ஆகியவற்றை ரவை போலக் கொரகொரப்பாக உடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, இரண்டரை டம்ளர் நீர் விட்டு, உப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். உடைத்த ரவையைத் தூவிக் கிளறி, மூடி, சிறு தீயில் கால் மணி நேரம் வையுங்கள். வெண்கலப் பானையில் செய்தால் அடியில் பிடிக்கும் காந்தலுக்கு வீட்டில் போட்டி நடக்கும். சாமையிலும் வரகிலும் இதே முறையில் செய்யலாம். பக்குவத்துக்கேற்ப நீரைச் சற்றுக் கூட்டிக் குறைத்துக்கொள்க.

சப்பாத்தியின் இடத்தை நிரப்புவதுதான் சற்றுக் கடினம். கோதுமை மாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது குளூட்டன் ஒரு வலைபோலப் பின்னிக்கொள்கிறது. அதனால்தான் மாவு கிழியாமல் விரிகிறது. அரிசி மாவிலும் கேழ்வரகு மாவிலும் அவ்வலை இல்லை. குளிர்ந்த நீரில் பிசைந்து தேய்த்தால் பிளந்துவிடும். கொதிக்கும் நீரை ஊற்றினால் மாவிலுள்ள ஸ்டார்ச் வெந்து பசையாகி, ஓரளவுக்கு வலையின் வேலையைச் செய்கிறது. கொழுக்கட்டை மேல்மாவுக்கும் இடியாப்பத்துக்கும் நம் வீடுகளில் வெந்நீர் விட்டுக் கிளறுவது இதனால்தான். ஒரு கிண்ணம் கேழ்வரகு மாவில் உப்பிட்ட கொதிநீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, கரண்டிக் காம்பால் கிளறி, பத்து நிமிடம் மூடி வைத்துப் பின்னர் பிசையுங்கள். வாழையிலையில் எண்ணெய் தடவித் தட்டி, கல்லில் இட்டு எடுத்தால் மென்மையான அடை வரும். இட்லி உப்புவதற்கும் குளூட்டன் தேவையில்லை. அங்கே காற்றைப் பிடித்து வைப்பது உளுந்தின் பசைத்தன்மை. இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, பொங்கல் என்று எண்ணிப் பார்த்தால் நம் காலை உணவில் பெரும்பகுதி முன்பே குளூட்டன் அற்றது.

பரோட்டாவைப் பற்றி மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறோம். அதன் இழுவையும் அடுக்குகளும் முழுக்க முழுக்கக் குளூட்டனின் வேலை. வேறெந்த மாவைக் கொண்டும் அதைச் செய்ய இயலாது; செய்து பார்த்த குடும்பங்களில் பிள்ளையின் ஏமாற்றமே மிஞ்சியது. போலியைச் செய்வதைக் காட்டிலும், இடியாப்பத்தைப் பிய்த்து, வெங்காயம், முட்டை, சால்னாவோடு கல்லில் கொத்திக் கொடுப்பது மேல். பதின்வயதுப் பிள்ளைகளிடம் இது நன்றாக எடுபடுகிறது.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குழந்தைப் பருவத்துக்குப் பின் பலருக்கும் இயல்பாகவே குறைகிறது. 100 மில்லி பாலில் ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ் உண்டு. பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் வரை, அதாவது ஒரு டம்ளர் பால் அளவு, உணவோடு சேர்த்துத் தாங்கிக்கொள்வர். தயிரில் நுண்ணுயிர்கள் லாக்டோஸின் ஒரு பகுதியை உண்டுவிடுகின்றன; எஞ்சியதைச் செரிக்கவும் அவையே உதவுகின்றன. ஆகையால் காலைப் பால் ஆகாதவர் பலருக்கு மதியத் தயிர்ச்சாதம் ஆகும். நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே கொள்ளலாம். ஆனால் பாலின் புரதத்துக்கே ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இவ்விதிகள் எவையும் பொருந்தா. தயிரும் நெய்யும்கூட மருத்துவரைக் கேளாமல் கொடுக்கலாகாது.

பாயசத்துக்குத் தேங்காய்ப்பால் நம் மரபிலேயே இருக்கிறது. சேமியாவுக்குப் பதிலாகச் சேலம் பகுதியில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து செய்யப்படும் ஜவ்வரிசியை எடுத்துக்கொண்டால் கோதுமை, பால் இரண்டும் ஒருசேர விலகும். ஜவ்வரிசியை இரண்டாம் பாலில் வேகவைத்து, வெல்லப்பாகு சேர்த்து, அடுப்பை அணைத்த பிறகே முதற்பாலை ஊற்ற வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். ஒன்றை மறவாதீர்கள். தேங்காய்ப்பால் சுவைக்கு ஈடாகுமே தவிர, பசும்பாலின் கால்சியத்துக்கு ஈடாகாது. பாலை முற்றிலும் நிறுத்திய பிள்ளைக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை ஆகியவை தவறாமல் இடம்பெற வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு.

தேவையற்ற பத்தியமும் கேடுதான். கோதுமை, பால், பருப்பு, முட்டை, கத்தரிக்காய் என்று ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் விலக்கி, எடை குறைந்து வருபவர்களையும் பார்க்கிறோம். பரிசோதனையில் உறுதியாகாத எதையும் மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

திருமணத்துக்கோ வெளியூருக்கோ போகும்போது வெறும் சோறு, பெருங்காயம் சேராத பொரியல், வாழைப்பழம், இளநீர் ஆகியவை பொதுவாக அச்சமின்றி உண்ணத்தக்கவை. குழம்பு வேண்டுமெனில் வீட்டிலிருந்து சிறிய தூக்கில் எடுத்துச் செல்லுங்கள். பள்ளியில் வகுப்பாசிரியருக்கு, பிறந்தநாள் கேக்கும் பிஸ்கட்டும் கொடுக்க வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பிள்ளையின் பையில் கடலை மிட்டாயோ எள்ளுருண்டையோ எப்போதும் இருக்கச் செய்யுங்கள். அடுத்த முறை வரும்போது வீட்டில் ஒரு வாரம் சமைத்தவற்றை ஒரு தாளில் எழுதி, பொடி வகைகளின் உறைகளையும் எடுத்து வாருங்கள். எங்கள் உணவியல் நிபுணரோடு சேர்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.