ஏகத்துவமும் இணைவைத்தலும்

சுன்னாகம் என்றவுடன் யாழ்ப்பாணத்தார்க்கு நினைவில் எழுவது அவ்வூர்ச் சந்தை. தமிழ் கற்றோர்க்கு நினைவில் எழுபவர் அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922). இலக்கியச் சொல்லகராதி தொகுத்துச் சொற்பொருளை வரையறுத்துத் தந்த அப்புலவர் பிறந்த ஊரிலிருந்து ஒரு சிறு சொல்லின் பொருளை ஆராயத் தொடங்குதல் பொருத்தமே. அச்சொல் 'ஒன்று' என்பது.

கடவுள் ஒருவரே என்று சுன்னாகத்துச் சைவச் சிறுவன் சமய பாடத்திற் படிக்கிறான். அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தொலைவிலுள்ள யாழ்ப்பாணச் சோனகத் தெருவில், முஸ்லிம் சிறுவனும் அதனையே முதற்பாடமாகக் கேட்கிறான். சொல் ஒன்று, பொருளும் ஒன்றுதானா? முன்னாளில் இவ்வினாவை அயலவனிடமே கேட்டறியலாம். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 2009இல் போர் முடிந்தபின் அவர்களுள் ஒரு பகுதியினரே மீண்டு வந்தனர். இடைப்பட்ட காலத்திற் குடாநாட்டிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுட் பலர், அயலவர் நம்பிக்கையைப் பிறர் சொல்லவே கேட்டறிந்தனர். முஸ்லிம்களுக்குத் தெய்வம் ஒன்று, மற்றையோர்க்குத் தெய்வம் பல என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது. இந்தக் கணக்கு இஸ்லாத்தையும் விளக்காது, சைவத்தையும் விளக்காது.

இஸ்லாம் கூறும் இறைவனின் ஒருமைக்குத் தவ்ஹீத் என்று பெயர். தமிழ் முஸ்லிம்கள் அதனை ஏகத்துவம் என்பர். குர்ஆனின் 112ஆம் அத்தியாயம் நான்கே வசனங்களால் ஆயது. ஏகத்துவக் கொள்கை முழுவதும் அதனுள் அடங்கியுள்ளது என்பது அறிஞர் கருத்து. இறைவன் ஒருவன், அவன் எவரிடத்தும் தேவையற்றவன், யாவரும் அவனிடத்தே தேவையுடையோர், அவன் பெற்றவனுமல்லன், பிறந்தவனுமல்லன், அவனுக்கு நிகர் எதுவுமில்லை என்பது அதன் கருத்து. அங்கே ஒருவன் என்பதற்கு ஆளப்பட்ட அரபுச் சொல் 'அஹத்'. எண்ணிக்கையில் வரும் ஒன்றுக்குப் பின் இரண்டு வரலாம், மூன்றும் வரலாம். அஹத் என்பதோ தனக்குப் பின் இரண்டை ஏற்காத ஒன்று. ஆகவே ஏகத்துவத்தின் உயிர்நிலை எண்ணிக்கையில் இல்லை. நிகரும் பங்கும் இல்லையென மறுப்பதிலேதான் உள்ளது.

அந்த மறுப்பை விளங்கிக்கொள்ள ஏகத்துவத்தின் எதிர்ச்சொல்லை நோக்குதல் வேண்டும். அது ஷிர்க். தமிழில் 'இணைவைத்தல்' என வழங்கும். பல தெய்வ வணக்கம் என்று பெயர்ப்பாரும் உளர். அது குறுகிய பெயர்ப்பு. ஷிர்க் என்னும் சொல்லின் வேர்ப்பொருள் பங்கு. யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு இதனை விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. செம்மண் தோட்டங்களிலே ஒரு கிணறு பலருக்குச் சொந்தமாயிருத்தல் இங்கு வழக்கம். காணி உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் எழுதப்பட்டிருக்கும். பங்கு சிறிதாயினும் பங்காளி பங்காளியே. அவனுக்குரிய முறையில் அவன் நீர் இறைப்பான், மற்றவர் தடுத்தற்கியலாது. இறைவனுடைய ஆட்சியில் இத்தகைய பங்கு, பதினாறில் ஒன்றேனும், வேறு எவருக்கும் உண்டென்று கொள்வதே ஷிர்க். படைப்பிலே பங்கு, வணக்கத்திலே பங்கு, இறைவனுக்கே உரிய குணங்களிலே பங்கு எனப் பிற்கால அறிஞர் அதனை வகுத்துக் காட்டினர்.

இதனாலே தெளிவாகும் செய்தி ஒன்று உண்டு. நபிகள் நாயகம் எதிர்த்து நின்ற மக்காவாசிகள் கடவுள் இல்லை என்றவர்களல்லர். வானத்தையும் பூமியையும் படைத்தவன் அல்லாஹ்வே என அவர்கள் ஒப்புக்கொண்டதைக் குர்ஆனே எடுத்துரைக்கிறது. லாத், உஸ்ஸா, மனாத் முதலிய தெய்வங்களைத் தம்மை அவனிடம் நெருங்கச் செய்யும் இடையாட்களாகவே தாம் வணங்குவதாக அவர்கள் கூறினர். வாதம் முழுவதும் அந்த இடைநிலையைப் பற்றியதே. 630இல் மக்கா வசமானபோது கஃபாவிலிருந்த சிலைகள் அகற்றப்பட்டன.

இங்கே சைவ அயலவர் ஒரு கேள்வி கேட்பதுண்டு: கஃபா என்னும் கற்கட்டடத்தை நோக்கி வணங்குதல் உருவ வணக்கம் ஆகாதோ? கேள்வி நியாயமானது. கஃபா வணங்கப்படும் பொருளன்று. வணங்குவோர் முகம் திரும்பும் திசையே என்பது முஸ்லிம்களின் விடை. நபிகள் காலத்திலேயே அத்திசை முதலில் ஜெரூசலமாக இருந்து பின்னர் மக்காவுக்கு மாற்றப்பட்டமை இதற்குச் சான்று. கஃபாவின் கறுப்புக்கல்லை முத்தமிட்ட கலீபா உமர், அது நன்மையும் தீமையும் செய்யவியலாத கல்லே எனத் தாம் அறிவதாகவும், நபிகள் முத்தமிடக் கண்டதனாலேயே தாமும் முத்தமிடுவதாகவும் கூறியதாக வரலாறு.

இனிச் சைவத்தை நோக்குவோம். சைவ சித்தாந்தமும் பதி ஒன்றே என்கிறது. பல தெய்வக் கொள்கை என்ற பெயரைச் சித்தாந்தி ஏற்கமாட்டார். வேற்றுமை வேறிடத்தில் உள்ளது. சித்தாந்தத்திற் பதியைப்போலவே பசுவும் பாசமும் அநாதி, உயிர் படைக்கப்பட்டதன்று. இஸ்லாத்திலோ தொடக்கமற்றவன் இறைவன் ஒருவனே. உயிரும் உலகும் அவனாற் படைக்கப்பட்டவை. சைவர்க்குத் திருவுருவம் அருள் வெளிப்படும் இடம். முஸ்லிமுக்கு இறைவனை உருவிற் காட்டுதலே இயலாத செயல். இருவரும் ஒருவன் என்கின்றனர். ஆயினும் அவ்வொருவனுக்கும் உலகுக்கும் உள்ள உறவை வெவ்வேறாகக் காண்கின்றனர். இதனை மறைத்து, எல்லாம் ஒன்றே என்று தலையசைத்துவிடுதல் எளிது. இரு திறத்தாருக்கும் அது நீதியாகாது.

இணைவைத்தலின் எல்லை எது என்பதில் முஸ்லிம்களுக்குள்ளேயும் வழக்குண்டு. நாகூரிலும், நாகூர் ஆண்டகையின் பெயரால் விளங்கும் கல்முனைக் கடற்கரைப் பள்ளியிலும் மக்கள் கூடுகின்றனர். இறைநேசரை முன்னிட்டு வேண்டுதல் வணக்கமன்று, மரியாதையே என்பர் ஒரு சாரார். வேண்டுதலும் வணக்கமே, அது இறைவனுக்கே உரியது என்பர் சீர்திருத்தம் நாடும் மற்றொரு சாரார். ஏகத்துவத்தை ஏற்பதில் இருவரும் ஒன்றே. பங்கு எங்கே தொடங்குகிறது என்பதே வாதம்.

மன்னிப்புக் கேளாது இறப்பின் மன்னிக்கப்படாத பாவம் ஷிர்க் எனக் குர்ஆன் கண்டிப்பாகக் கூறுகிறது. அதே குர்ஆனின் 6ஆம் அத்தியாயம், இறைவனையன்றிப் பிறர் வணங்கும் தெய்வங்களை ஏசலாகாது என்றும் விதிக்கிறது. ஏசினால் அவர்களும் அறியாமையால் இறைவனை ஏச நேரும் என்பது காரணம். கொள்கையில் விட்டுக்கொடாமையும் நாவடக்கமும் ஒரே நூலில் அடுத்தடுத்து நிற்கின்றன. மேடைப் பேச்சாளர் சிலர் முன்னதை மட்டும் நினைவில் வைத்திருப்பது வருந்தத்தக்கது.

ஷிர்க்கின் மிக நுண்ணிய வகை எந்தச் சிலையின் முன்பும் நிகழ்வதன்று. அதனை மறைவான ஷிர்க் என்பர். முகஸ்துதியை நாடும் வணக்கம் அது. ஒருவன் தொழுகைக்கு நிற்கிறான். யாரோ தன்னைப் பார்ப்பதாக உணர்ந்ததும் தொழுகையை இன்னுஞ் சற்று அழகுபடுத்துகிறான். தம் தோழர் விஷயத்தில் நபிகள் நாயகம் மிக அஞ்சியது அதனையே எனக் கூறுவர்.