கொரிந்து சபைக்கு என்ன நோய்?

ஒரு சபை ஆவிக்குரிய ஆரோக்கியத்தோட இருக்கான்னு கேட்டால், எத்தனை பேர் வர்றாங்க, ஜெபம் எவ்வளவு உருக்கமா நடக்குதுன்னுதான் பார்ப்போம். நானும் அப்படித்தான் பார்த்துவந்தேன். கொரிந்தியரைப் படித்தபோது அந்தக் கணக்கு உதைத்தது.

கி.பி. 55 வாக்கில் பவுல் எழுதிய அந்தக் கடிதத்தின்படி, கொரிந்தில் வரங்களுக்குக் குறைவே இல்லை. அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம் எல்லாம் உண்டு. ஆனாலும் நீங்கள் கூடுவதால் கெடுதல்தான் அதிகம் என்கிறார் (1 கொரிந்தியர் 11). காரணம், சாப்பாடு!

அப்போ சபைக்கென்று கட்டடம் கிடையாது, வீடுகளில்தான் கூடினார்கள். கர்த்தருடைய பந்தி ஒரு முழுச் சாப்பாடாகவே நடந்தது. வசதியானவர்கள் முந்திச் சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். வேலை முடிந்து பிந்தி வந்த அடிமைகளும் கூலியாட்களுமே அவர்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ரோமானிய வீட்டின் உணவறையில் பொதுவாக ஒன்பது பேர்தான் சாய்ந்து சாப்பிட முடியும். மற்றவர்களுக்கு முற்றம்தான் என்பது அவர்கள் ஊகம்.

'அபாத்திரமாய்' என்ற சொல் வருவது இந்த இடத்தில்தான். நாமோ திருவிருந்துக்கு முன் கண்ணை மூடி, அவரவர் அந்தரங்கப் பாவத்தைத் தேடுகிறோம். பக்கத்தில் இருப்பவர் சாப்பிட்டாரான்னு யாரும் பார்க்கிறதில்லை. பவுல் இதற்கு உபவாசம் எதுவும் சொல்லவில்லை. ஒருவருக்கொருவர் காத்திருங்கள் என்கிறார், அவ்வளவுதான்.

போன அசனத்தில் கடைசிப் பந்தியைக் கவனித்தேன். பாத்திரம் கழுவின அக்காக்கள் உட்கார்ந்தபோது கறி தீர்ந்திருந்தது. நான் முதல் பந்தியிலேயே சாப்பிட்டிருந்தேன்.