கித்தாரின் சுருதிக்கோலும் தந்திப் பூட்டும்

பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுப்பது தமிழ் இலக்கண மரபு. காரணம் கருதி இட்ட பெயரே பொருளுக்கு மாறாக அமைந்துவிடுவதும் உண்டு. மின்கித்தாரில் உள்ள 'டிரெமலோ' என்னும் கைக்கோல் அத்தகையது. மேலைநாட்டு இசைவழக்கில், ஒலியின் வலிவு ஏறி இறங்குவதே டிரெமலோ. சுருதி ஏறி இறங்குவதை 'வைப்ரட்டோ' என்பர். இக்கோலோ சுருதியை அசைப்பது. ஆயினும், 1954-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் கித்தாரை வெளியிட்ட லியோ ஃபெண்டர், இதற்கு டிரெமலோ என்றே பெயர் சூட்டினார். அவருடைய நிறுவனம் 1963-இல் வெளியிட்ட ட்வின் ரிவெர்ப் என்னும் ஒலிபெருக்கியிலோ, வலிவை அசைக்கும் பகுதிக்கு வைப்ரட்டோ என்று பெயர் பொறிக்கப்பட்டது. இவ்வாறு இரு பெயர்களும் இடம் மாறின. பெயரில் நேர்ந்த பிழை இன்றும் நிலைத்திருக்கிறது. கருவியில் இருந்த குறையோ 25 ஆண்டுகளில் திருத்தம் பெற்றது. அது திருந்திய வகை அறியத்தக்கது.

கித்தாரின் ஆறு தந்திகளும் ஒருமுனையில் முறுக்காணிகளில் சுற்றப்பட்டிருக்கும். மறுமுனையில் குதிரையில் பொருத்தப்பட்டிருக்கும். கழுத்தின் உச்சியில், ஆறு பள்ளங்கள் வெட்டிய சிறு கட்டை ஒன்றின்மீது அவை படிந்து செல்லும். வீணையின் மேருவைப் போன்றது இக்கட்டை. நீளமும் கனமும் மாறாதிருக்க, தந்தியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப மாறும். ஆதலின் சுருதி ஒரு ஸ்தாயி இறங்க வேண்டுமாயின், இழுவிசை நான்கில் ஒரு பங்காகக் குறைதல் வேண்டும். அரைச்சுரம் ஏற, ஏறக்குறைய 12 விழுக்காடு கூடுதல் வேண்டும்.

வீணை வாசிப்போர் தந்தியை மெட்டின்மீது பக்கவாட்டில் இழுத்துக் கமகம் காட்டுவர். இழுத்தால் சுருதி ஏறும். அந்த மெட்டுக்குரிய சுரத்திற்குக் கீழே இறங்குவதில்லை. ஃபெண்டரின் அமைப்பில் குதிரையே அசைவதால், எல்லாத் தந்திகளும் ஒருங்கே தளரவும் இறுகவும் இயலும். ஆறு திருகாணிகளை ஊன்றி நிற்கும் குதிரையின் அடியில் ஓர் உலோகக் கட்டை கருவியின் உடலுக்குள் இறங்கியிருக்கும். ஐந்து வரையிலான சுருள்வில்கள் அதனைப் பின்புறத்திலிருந்து இழுத்துப் பிடிக்கும். ஒருபுறம் தந்திகளும் மறுபுறம் வில்களும் ஒத்த வலிமையுடன் இழுக்குங்கால் குதிரை நிலைத்து நிற்கும். கோலை அழுத்தினால் தந்திகள் தளர்ந்து சுருதி இறங்கும். கையை எடுத்தால் வில்கள் குதிரையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

குதிரை மீண்டாலும் சுருதி முற்றும் மீள்வதில்லை. இதுவே குறை. தந்தி தளருங்கால், மேருவின் பள்ளத்தில் சிறிது நகர்கிறது. முறுக்காணியைச் சுற்றிய சுற்றுகளும் நெகிழ்கின்றன. மீண்டும் இறுகும்போது, பள்ளத்தில் உள்ள உராய்வு அதனைப் பழைய இடத்திற்குச் செல்லவிடாமல் தடுக்கிறது. மயிரிழை அளவு பிறழ்ந்தாலும் பயின்ற செவி அறிந்துகொள்ளும். 1969-இல் வுட்ஸ்டாக் விழாவில் இக்கோலைக் கொண்டு பேரோசைகளை எழுப்பிய ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், மேடையிலேயே அடிக்கடி சுருதி திருத்த வேண்டியவராக இருந்தார். எவ்வளவு துணிந்து கோலை அழுத்துகின்றனரோ, அவ்வளவுக்கு அடுத்த அடி சுருதி பிசகும் என்னும் அச்சம் வாசிப்போரைத் தொடர்ந்தது.

இதற்கு வழி கண்டவர் ஃபிளாய்ட் ரோஸ் என்னும் அமெரிக்கர். கித்தார் வாசிப்பவரான அவர் நகைவேலையும் அறிந்தவர். தந்தி நழுவுவதே குறையாயின், நழுவும் இடத்திலேயே அதனைப் பற்றிப் பிடித்துவிடலாம் என்பது அவர் கண்ட வழி. மேருவின் இடத்தில், பூட்டுக்கு இரண்டாகத் தந்திகளை அமுக்கும் மூன்று பூட்டுகளை வைத்தார். குதிரையிலும் ஒவ்வொரு தந்தியையும் இறுக்கிப் பிடித்தார். இரு முனைகளும் பூட்டப்படவே, நழுவுவதற்கு இடமில்லாமற் போயிற்று. குதிரையோ இரு தூண்களின்மீது கத்திமுனை போன்ற விளிம்பில் சாய்ந்து, உராய்வு மிகக் குறைவாக அசைகின்றது. இவருக்கு 1979-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பின்னர் எட்டி வான் ஹேலன் போன்றோர் இதனைக் கையாண்டதால், 1980-களில் இது பெரிதும் பரவியது.

ஒரு குறை தீர்ந்தவிடத்து மற்றொன்று தோன்றியது. தந்தியைப் பூட்டியபின் முறுக்காணியைத் திருகிப் பயனில்லை. வெம்மையாலும் வாசிப்பாலும் தந்தி சிறிது நெகிழ்ந்தால் என் செய்வது? அதற்காகக் குதிரையிலேயே ஆறு நுண்திருகாணிகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. மேலும், ஒரு தந்தி அறுந்தால் வில்களின் கை ஓங்கிவிடும். குதிரை பின்சாய்ந்து, எஞ்சிய ஐந்தும் ஒருங்கே சுருதி ஏறிவிடும். ஒரு தந்தியை இறுக்கினால் மற்றவை சற்றே இறங்கும். புதுத் தந்தி மாட்டுதற்கும் அறுகோணச் சாவி வேண்டும். இவ்வுழைப்பை விரும்பாதோர் இன்றும் பழைய எளிய குதிரையையே நாடுகின்றனர். கோலை மிகுதியாக அழுத்தி வாசிப்போர் பூட்டை நாடுகின்றனர்.

விசைச் சமநிலை, உராய்வு, இழுவிசை ஆகிய பாடங்கள் மூன்றினையும் மாணவர்க்குக் காட்ட இக்கருவி ஒன்றே போதும். அதனைத் தமிழில் விளக்கப் புகுவோர், டிரெமலோ என்பதை அப்படியே மொழிபெயர்த்துப் பழைய பிழையைத் தமிழிலும் ஏற்ற வேண்டுவதில்லை. அது செய்யும் தொழில் சுருதியை அசைப்பது. 'சுருதிக்கோல்' என்றால் பெயரும் பொருளும் ஒத்து நிற்கும்.