ஸ்டீராய்டு வயிற்றைப் புண்ணாக்குமா?

ஸ்டீராய்டு மாத்திரை என்றதும் வயிற்றில் புண் வந்துவிடும் எனப் பலர் பயப்படுகின்றனர். அந்தப் பயத்தில் பாதிதான் உண்மை.

சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், கார்டிசோல் எனும் ஸ்டீராய்டு ஹார்மோனை அன்றாடம் சுரக்கின்றன. இரைப்பை அமிலத்துக்கும் இதற்கும் தொடர்புண்டு. அட்ரினல் செயலிழந்த அடிசன் நோயாளிகள் சிலரிடம் அமிலச் சுரப்பு குறைந்திருப்பதைக் காணலாம். ஆகவே ஸ்டீராய்டு கொடுத்தால் அமிலம் பெருகிப் புண் வரும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது.

ஆனால் அமிலம் மட்டும் புண்ணை உண்டாக்குவதில்லை. இரைப்பையின் உட்சுவரைக் காப்பது சளிப்படலம். அதைப் பேணுவது புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள். ஸ்டீராய்டு இதைக் குறைக்கிறது. இருக்கும் புண் ஆறுவதையும் தாமதப்படுத்துகிறது. இபுபுரோபென், டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகளோ அந்தக் காவலை இன்னும் பலமாகத் தகர்க்கின்றன. இரண்டும் சேர்வதுதான் விபரீதம். அமெரிக்காவின் டென்னசி மாநில முதியோரை ஆராய்ந்து 1991இல் வெளிவந்த ஆய்வில், ஸ்டீராய்டு மட்டும் உட்கொண்டோருக்குப் புண் அபாயம் ஏறக்குறைய கூடவே இல்லை. இரண்டையும் உட்கொண்டோருக்கோ, இரண்டும் உட்கொள்ளாதவரைவிட 15 மடங்கு! (கடும் நோயுடன் மருத்துவமனையில் இருப்போர் கதை வேறு, அவர்களுக்கு ஸ்டீராய்டு தனியாகவே இரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டலாம்.)

புண்ணுக்கு மற்றொரு முக்கியக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி. மலேசிய இந்தியரிடையே இத்தொற்று மலாய்க்காரரைவிட மிக அதிகம்.

வேண்டுமென்றே யாரும் இரண்டையும் சேர்த்து விழுங்குவதில்லை என்று தோன்றலாம். மூட்டு வலிக்கு 'சுத்த மூலிகை' என்று விற்கப்படும் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் கலந்திருந்ததாகச் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்துள்ளது. சிலவற்றில் வலி மருந்தும் இருந்தது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் பாட்டி மகிழலாம். பிள்ளைகள் சந்தேகப்பட வேண்டும்.

ஸ்டீராய்டு வலியையும் காய்ச்சலையும் மறைத்துவிடும். குடலில் ஓட்டை விழுந்தாலும் நோயாளிக்கு இலேசான வலிதான் தெரியலாம். தார்போல் கறுத்த மலம், திடீர்ச் சோர்வு, தலைசுற்றல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டில் உட்கொண்ட பொட்டலத்தையும் எடுத்துச் செல்வது நல்லது. பல வாரம் உட்கொண்ட ஸ்டீராய்டை பயத்தில் சட்டென நிறுத்தவும் கூடாது. அதற்குள் அட்ரினல் தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். மீண்டும் பழையபடி சுரக்க அதற்கு நாள் பிடிக்கும்.