குச்சி திரும்பும் கணம்

தவில் கச்சேரிப் படங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நமக்குப் பிடித்த படங்களில் பெரும்பாலும் குச்சி அந்தரத்தில்தான் இருக்கும். அது தோலில் படும் கணம் துல்லியமாகப் பதிவாவது அபூர்வம். அப்படியென்றால் நாம் ரசிக்கும் படத்தில் இருப்பது அடி விழுவதற்கு முந்தைய இடைவெளி. இதில் எடுத்தவரின் ரசனைக்குப் பங்கு உண்டு. பௌதிகத்துக்கு அதைவிடப் பெரிய பங்கு.

ஒரு கணக்கு. குச்சியின் நுனி நொடிக்கு 5 முறை, 20 செ.மீ. உயரம் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊசல் மாதிரி சீராக ஆடுவதாகக் கொண்டால் (அசல் அடி அவ்வளவு சீராக இராது), நடுவழியில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 3 மீட்டர். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அதற்குள் நுனி 5 செ.மீ. நகர்ந்துவிடும். படத்தில் குச்சிக்குப் பதில் ஒரு விசிறிதான் தெரியும். அதே 1/60 நொடி, குச்சி உச்சிக்குப் போய்த் திரும்பும் தருணத்தில் அமைந்தால் நகர்வு 3 மி.மீ. சொச்சம்தான். ஷட்டரை மாற்றவில்லை, வெளிச்சத்தைக் கூட்டவில்லை. அழுத்திய நேரம் மட்டுமே வேறு.

கடக்காரர் பானையைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதும் இதே கதைதான். அரை மீட்டர் உயரம் போகும் பானை காற்றில் இருப்பது முக்கால் நொடிக்கும் குறைவு. அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நேரத்தை உச்சியையொட்டிய 5 செ.மீ.க்குள்ளேயே அது கழித்துவிடுகிறது. புதிதாகக் கேமரா பிடித்தவருக்கும் அந்தப் படம் மட்டும் எப்படியோ கிடைத்துவிடுவதன் ரகசியம் இதுதான்.

சரி, உச்சியில் பிடிப்பது எப்படி? பார்த்து அழுத்தினால் நடக்காது. கண் கண்டதற்கு விரல் வினையாற்ற ஏறத்தாழ 1/5 நொடி ஆகும். அதற்குள் ஒரு முழு அடி முடிந்து அடுத்தது வந்திருக்கும். எனவே காதை நம்ப வேண்டும். தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில், முடிவு நெருங்குவதைச் சொல்லும் பெரிய மோரா தொடங்கியதுமே கேமராவைத் தூக்கிவிடலாம். அடுத்து வரும் கோர்வை மூன்று முறை ஒலித்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழும். முதல் இரண்டு முறை கேட்டவருக்கு மூன்றாவதன் கடைசி அடி எங்கே என்பது முன்கூட்டியே தெரியும். நொடிக்கு 20 படம் சுடும் கேமராக்கள் வந்துவிட்டன, உண்மைதான். ஆனால் வீட்டுக்குப் போய் ஆயிரம் படங்களைச் சலிக்க வேண்டுமே! தாளம் போடத் தெரிந்தவருக்கு அந்த வேலை மிச்சம்.

ஷட்டரை 1/1000-க்குக் கொண்டுபோனால் என்ன என்று கேட்கலாம். 1/60-இல் கிடைத்த வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்குதான் உள்ளே வரும். ஒளி துகள் துகளாக வருவது. ஒரு புள்ளியில் சராசரியாக 10,000 ஒளித்துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 1 சதவீதம்; 100 மட்டுமே விழுந்தால் 10 சதவீதம். வெளிச்சக் குறையை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை ஏற்றிய படங்களில் தெரியும் பொரிப்பொரியான மணல் பெரும்பாலும் இதனால்தான். போதாததற்கு மேடை எல்இடி விளக்குகள். தரமில்லாதவை நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். அதிவேக ஷட்டரில் ஒரு படம் வெளுப்பாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும்.

ஓசை இன்னொரு தொல்லை. ஆலாபனை நடுவே 'க்ளிக்' என்றால் முன்வரிசை மாமா திரும்பி முறைப்பார். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறினால் அங்கே வேறு வம்பு. பெரும்பாலான கேமராக்களில் சென்சார் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகத்தான் படிக்கப்படுகிறது. அது முடிவதற்குள் குச்சி இடம் மாறிவிடுவதால் நேரான குச்சி வளைந்து விழும். 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஆல்ஃபா 9 மூன்றாம் பதிப்பு, எல்லா வரிசைகளையும் ஒரே கணத்தில் பதிவுசெய்யும் முதல் ஃபுல்ஃபிரேம் கேமரா. விலை விசாரித்தவர்கள் பழைய கேமராவே போதும் என்று திரும்பிவிடுகிறார்கள்.

இருட்டும் ஃபிளாஷும் கையில் இருந்தால் இதையெல்லாம் தாண்டலாம். எம்.ஐ.டி.யில் படித்த ஜோன் மிலி, அங்கே ஹெரால்ட் எட்ஜர்டன் வளர்த்தெடுத்த ஸ்ட்ரோப் விளக்கைக் கொண்டு 1940-களில் ஜாஸ் டிரம்மர் ஜீன் குருப்பாவைத் தன் ஸ்டூடியோவில் படமெடுத்தார். விளக்கு மின்ன மின்ன, குச்சியின் பாதை முழுவதும் ஒரே படத்தில் அடுக்கடுக்காகப் பதிந்தது. சபாவில் அதைச் செய்தால் செயலாளரே மேடையோரம் ஓடி வருவார்.

எனக்கு முகம் தெளிவாகவும் கை கலங்கலாகவும் இருக்கும் படம்தான் பிடிக்கும். அதைவிடவும் பிடித்தது, வாத்தியக்காரர்கள் மாறி மாறி, அளவைக் குறைத்துக்கொண்டே வாசிக்கும் குறைப்பின்போது சும்மா இருப்பவர். மிருதங்கம் வாசித்துக்கொண்டிருக்க, கடக்காரர் பானைமேல் கையை வைத்தபடி பதிலை மனதுக்குள் கோத்துக்கொண்டிருப்பார். அந்த முகத்துக்கு 1/125 நொடி தாராளம்.