மெசேஜே வரல... ஆனா '1'னு காட்டுது! ஃபேஸ்புக்கை அலையவிட்ட 'ஸ்டேட்' சிக்கல் என்ன?

சிவப்பு நிறத்தில் '1' என்று காட்டும். ஆசையாகத் திறந்து பார்த்தால் புது மெசேஜ் எதுவும் இருக்காது. மறைந்துபோன அந்த எண், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்து நிற்கும். ஒரு காலத்தில் ஃபேஸ்புக் சாட் பயன்படுத்தியவர்களுக்கு இந்தத் தொல்லை நினைவிருக்கலாம். சரிசெய்தாலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டிய இந்தப் பிழையைப் பற்றி, 2014ல் நடந்த எஃப்8 மாநாட்டில் ஃபேஸ்புக் பொறியாளர்களே வெளிப்படையாகப் பேசினார்கள்.

அப்படி என்னதான் சிக்கல்?

இன்றைய இணையப் பக்கம் ஒரே துண்டாக எழுதப்படுவதில்லை. மெனு, சாட் பெட்டி, மெசேஜ் பட்டியல் எனத் தனித்தனியாக எழுதி இணைக்கிறார்கள். இவைதான் 'காம்போனென்ட்'. ஒரு காம்போனென்ட் அந்த நேரத்தில் நினைவில் வைத்திருக்கும் தகவல்தான் 'ஸ்டேட்'.

'படிக்காத மெசேஜ் எத்தனை?' என்ற ஒரே தகவல் ஃபேஸ்புக்கில் பல இடங்களுக்குத் தேவை. சாட் பெட்டியில் படித்துவிட்டால், மேலே இருக்கும் எண்ணுக்கும் அது தெரிய வேண்டும். ஒன்று மாறி இன்னொன்று மாறாவிட்டால், அந்த எண் பொய் சொல்லும்.

ஒரே கணக்கு நோட்டு!

வீட்டுச் செலவை ஆளுக்கொரு நோட்டில் எழுதினால் மாசக் கடைசியில் சண்டைதான். ஒரே நோட்டில் எழுதினால் குழப்பமில்லை. ஃபேஸ்புக் கண்ட தீர்வும் இதுதான். பொதுவான தகவல் 'ஸ்டோர்' என்ற ஒரே இடத்தில் இருக்கும். மாற்றம் தேவைப்படும் காம்போனென்ட் அங்கே சொல்லி அனுப்ப வேண்டும். அங்கிருந்து எல்லோருக்கும் தகவல் போகும். இந்த ஒருவழிப் பாதைக்கு 'ஃப்ளக்ஸ்' என்று பெயர். இதே யோசனையில் 2015ல் டான் அப்ரமோவ், ஆண்ட்ரூ கிளார்க் ஆகியோர் உருவாக்கிய 'ரிடக்ஸ்' உலகம் முழுக்கப் பரவியது.

ரீஃப்ரெஷ் செய்தால் ஏன் எல்லாம் போயிடுது?

இந்த ஸ்டோர் இருப்பது பிரவுசரின் தற்காலிக நினைவகத்தில். ரீஃப்ரெஷ் செய்தால் பக்கம் முதலிலிருந்து தொடங்கும். அரைமணி நேரம் நிரப்பிய விண்ணப்பம் காலியாவது இதனால்தான். தகவல் நிலைத்திருக்க வேண்டுமென்றால் வேறு இடத்தில் சேமிக்க வேண்டும்.

குக்கீ: 1994ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி உருவாக்கியது. ஒரு குக்கீயில் சுமார் 4 கேபி மட்டுமே அடங்கும். அந்த இணையதளத்தைத் தொடர்புகொள்ளும்போதெல்லாம் சர்வருக்கும் சேர்ந்தே போகும்.

செஷன் ஸ்டோரேஜ்: ரீஃப்ரெஷ் செய்தாலும் இருக்கும். அந்த டேபை மூடினால் போய்விடும்.

லோக்கல் ஸ்டோரேஜ்: பொதுவாக 5 எம்பி வரை கொள்ளும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் அழியாது.

இதில் நமக்கு என்ன ஆபத்து?

அழியாமல் இருப்பது வசதி மட்டுமல்ல, ஆபத்தும்கூட. பிரவுசிங் சென்டரில் ஒருவர் விண்ணப்பம் நிரப்புகிறார். அந்தத் தளம் பாதி நிரப்பிய விவரங்களை லோக்கல் ஸ்டோரேஜில் வைத்திருந்தால், அவர் பிரவுசரை மூடிவிட்டுக் கிளம்பிய பிறகும் பெயர், பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாம் அங்கேயே இருக்கும். அடுத்து உட்காருபவர் அதே தளத்தைத் திறந்தால் அவை கண்முன்னே வரலாம். அந்தப் பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்ட்டும் லோக்கல் ஸ்டோரேஜைப் படிக்க முடியும் என்பதால், ரகசிய விவரங்களை அங்கே வைக்கக் கூடாது என்பது டெவலப்பர்களுக்கு அடிப்படைப் பாடம்.

என்ன செய்யலாம்?

பொது கம்ப்யூட்டரில் இன்காக்னிட்டோ விண்டோ பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்து, எல்லா இன்காக்னிட்டோ விண்டோக்களையும் மூடுங்கள். சாதாரண விண்டோ என்றால் பிரவுசிங் டேட்டாவை அழித்துவிடுங்கள். நீளமான விண்ணப்பத்தில் 'சேவ்' பட்டன் இருந்தால் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அழுத்துங்கள். அது இல்லாத தளத்தில் பாதியில் ரீஃப்ரெஷ் செய்தால், திரும்பவும் முதலிலிருந்துதான்!