‘டிகே’ என்ற சொல்லைத் தமிழில் சொல்வது எப்படி?

பல் மருத்துவர்கள் அடிக்கடி சொல்லும் ‘டிகே’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் அழுகல், சிதைவு, நலிவு எனப் பல பொருள்கள் உண்டு. ‘விழுதல்’ என்னும் பொருளுடைய ‘கதேரே’ என்ற லத்தீன் வினையே அதன் வேர். ஆகவே அச்சொல்லில் நாற்றம் கட்டாயமில்லை. இருந்த நிலையிலிருந்து இறங்குவதுதான் அடிப்படை. கார்பன்-14 அணுக்களில் பாதி சிதைய ஏறத்தாழ 5,730 ஆண்டுகள் ஆகும். அதுவும் டிகேதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு இலக்கியத்தில் பேசப்பட்ட ‘டெகடென்ஸ்’ என்ற சொல்லுக்கும் அதே வேர்.

தமிழ் இவற்றைப் பிரித்துச் சொல்லும். பழம் அழுகும், சருகு மட்கும், மரம் உளுத்துப்போகும், பல் சொத்தையாகும், வீடு பாழடையும், வாழ்ந்த குடும்பம் நொடித்துப்போகும்.

எனவே மொழிபெயர்ப்பவருக்குப் பொறுப்பு கூடுகிறது. செவிலியாகச் சொல்கிறேன்: ‘பல் சொத்தை’ என்றால் நோயாளி அடைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார், ‘பல் அழுகிவிட்டது’ என்றால் பயந்துபோவார். முதியவரின் நினைவு குறைவதை ஆங்கிலத்தில் ‘டிகே’ என்று எழுதியிருந்தாலும், தமிழில் மங்கல், தளர்ச்சி என்றே சொல்ல வேண்டும். அழுகியதை நாம் எறிந்துவிடுவோம். தளர்ந்தவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்வோம்.